நொடிக்கு எட்டுக் குடம் ஹைட்ரஜன்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு பக்கம் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடும்: “ஏரோ எடுத்தா மகேந்திரகிரியில சேர்ந்துரலாம்லா?” இஸ்ரோவின் ராக்கெட் இன்ஜின் சோதனை மையம் இருக்கிற மலை கண்ணெதிரே நிற்கிறது. கேட்பதில் தப்பில்லை.

சேரலாம். ஆனால் அதற்கு ஏரோ எடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. இஸ்ரோவின் மத்தியத் தேர்வு வாரியம் விஞ்ஞானி, பொறியாளர் பணிக்கு ஆள் எடுக்கும்போது பெரும்பங்கு இடங்கள் மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்குத்தான். பட்டத்தில் 65 சதவீதம், அல்லது பத்துக்கு 6.84 சிஜிபிஏ வேண்டும். அதன் பிறகு எழுத்துத் தேர்வு, நேர்முகம். ஏரோஸ்பேஸ் என்று பெயர் சொல்லிக் கேட்கும் இடங்கள் குறைவு, அவற்றிலும் பல முதுநிலைப் பட்டம் கேட்பவை. ஐடிஐ ஃபிட்டர், வெல்டர், எலெக்ட்ரீஷியன் முடித்தவர்களை டெக்னீஷியனாகவும், டிப்ளமோ முடித்தவர்களைத் டெக்னிக்கல் அசிஸ்டென்ட்டாகவும் எடுக்கிறார்கள். மலைக்குள் போக வாசல் பல உண்டு. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்த பிள்ளை, பெயரில் ‘ஏரோ’ இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆய்வுக்கூடம்கூட ஒழுங்காக இல்லாத ஒரு கல்லூரிக்குப் போவது நல்ல வியாபாரமல்ல.

அடுத்தது பெயர்க் குழப்பம். ஏரோநாட்டிகல் என்றால் வளிமண்டலத்துக்குள் பறப்பவை. ஏரோஸ்பேஸ் என்றால் அதோடு ராக்கெட்டும் செயற்கைக்கோளும். இரண்டும் நான்கு வருடப் பட்டம், முதல் இரண்டு வருடத்துப் பாடங்களில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஏஎம்இ என்கிற விமானப் பராமரிப்பு வேறு சாதி. அது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ கொடுக்கும் உரிமத்துக்கான பயிற்சி. இன்ஜினும் உடலும் பார்ப்பவருக்கு பி1, மின்னணுக் கருவிகள் பார்ப்பவருக்கு பி2. விமானத்தைச் சரிபார்த்து, ‘பறக்கலாம்’ என்று கையெழுத்துப் போடும் வேலை. நல்ல வேலைதான், ஆனால் விமானத்தை வடிவமைக்கும் வேலை அல்ல. “ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்று சேர்க்கைக்கு ஆள் பிடிப்பவர் சொன்னால், அந்த நிறுவனத்துக்கு டிஜிசிஏ அங்கீகாரம் எந்தப் பிரிவுக்கு, எந்தத் தேதிவரை என்று எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அதற்குப் பிறகு போன் எடுக்கமாட்டார்கள்.

எங்கே படிப்பது என்பதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். சென்னை குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்ஐடிக்கு தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு வழி: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200க்கு கட்‑ஆஃப். ஐஐடி மெட்ராஸுக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு. நாகர்கோவில் தாண்டி திருவனந்தபுரம் போனால் வலியமலையில் இஸ்ரோவே நடத்தும் விண்வெளிக் கல்வி நிறுவனமான ஐஐஎஸ்டி. அதற்கும் ஜேஇஇ அட்வான்ஸ்டு மதிப்பெண்தான் வேண்டும், ஆனால் விண்ணப்பம் தனி. ஐஐடி கலந்தாய்வில் தானாக வந்துவிடும் என்று காத்திருந்து தேதியைத் தவறவிடுகிறவர்கள் உண்டு.

இனி விஷயத்துக்கு வருவோம். நான்கு வருடத்தில் என்ன கற்றுக்கொண்டால் வேலை கொடுப்பவர் நிமிர்ந்து உட்காருவார்? ஒரு பொருளைப் பார்த்ததும் காகிதத்தில் தோராயக் கணக்கு போட்டு, பிறகு அளந்து, இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று சொல்லத் தெரியவேண்டும். மற்றதெல்லாம் வேலையில் சேர்ந்த பிறகும் கற்றுக்கொள்ளலாம்.

மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் சிஇ‑20 கிரையோஜெனிக் இன்ஜினையே எடுத்துக்கொள்ளுங்கள். திரவ ஆக்சிஜனும் திரவ ஹைட்ரஜனும் எரிகின்றன. உந்துவிசை சுமார் 200 கிலோநியூட்டன், ஒப்பு உந்தம் (எரிபொருள் எவ்வளவு திறமையாக உந்துகிறது என்பதன் அளவு) சுமார் 443 நொடி. இந்த இரண்டு எண்கள் செய்தித்தாளிலேயே வருபவை. 443ஐ 9.81ஆல் பெருக்கினால் வெளியேறும் வேகம் நொடிக்கு சுமார் 4,350 மீட்டர். 2,00,000ஐ அதால் வகுத்தால் நொடிக்கு 46 கிலோ எரிபொருள் செலவு. ஆக்சிஜன், ஹைட்ரஜன் கலவை எடையில் ஏறக்குறைய 5க்கு 1. அப்படியானால் ஆக்சிஜன் 38 கிலோ, ஹைட்ரஜன் எட்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இத்தோடு நிறுத்தாதீர்கள். திரவ ஹைட்ரஜனின் அடர்த்தி கனமீட்டருக்கு 71 கிலோதான். ஆகவே அந்த எட்டு கிலோ, நொடிக்கு 108 லிட்டர். நம் வீட்டுக் குடத்துக்கு பதிமூன்றரை லிட்டர் என்று வைத்தால் நொடிக்கு எட்டுக் குடம். ஆக்சிஜனோ எடையில் ஐந்து மடங்கு இருந்தும் இரண்டரைக் குடம்தான். எடை குறைந்த பொருளுக்கு ஏன் பெரிய தொட்டி, ஹைட்ரஜன் பம்பு ஏன் அவ்வளவு வேகமாகச் சுற்றவேண்டும் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இந்த எட்டுக் குடத்துக்குள் இருக்கிறது.

குழாய்க்கு வாருங்கள். திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி. வெயிலில் கிடந்த குழாய்க்குள் அதை நேராகத் திறந்துவிட்டால் திரவமாகப் போய்ச் சேராது; தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் மாதிரி ஆவியாகும். பம்புக்குள் திரவத்தோடு ஆவியும் போனால் பம்பு பிடிமானமில்லாமல் எகிறிச் சுற்றி உடையும். ஆகவே முதலில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழாயைக் குளிரவைக்கவேண்டும். துருப்பிடிக்காத எஃகு அந்தக் குளிரில் மீட்டருக்கு சுமார் 3 மி.மீ. சுருங்கும். 10 மீட்டர் குழாய் 3 செ.மீ. இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டிவிட்டால் வெல்டிங் விட்டுப்போகும். அதற்காகத்தான் நடுவில் பெல்லோஸ் என்கிற மடிப்புக் குழாய். சாதாரண ரப்பர் ஓ‑ரிங் கண்ணாடி மாதிரி விறைத்து நொறுங்கும், அதனால் டெஃப்லான் அல்லது உலோக சீல். குழாயில் காற்று மிச்சமிருந்தால் அது உறைந்து வால்வில் கட்டியாக நிற்கும். அதை வெளியேற்ற நைட்ரஜன் போதாதா என்று நேர்முகத்தில் கேட்பார்கள். நைட்ரஜனே மைனஸ் 210 டிகிரியில் உறைந்துவிடும், ஆகவே கடைசிச் சுற்றுக்கு ஹீலியம்தான். ஆக்சிஜன் பக்கம் வேறு பயம்: ஒரு விரல் கிரீஸ் ஒட்டியிருந்தாலே தீப்பிடிக்கும். அதனால் சுத்தம் செய்வதற்கே தனி அறை, தனி நடைமுறை.

இதில் இன்னொரு சங்கதி. சிஇ‑20இன் நாசில் (எரிந்த வாயு வெளியேறும் புனல் போன்ற பகுதி) வெற்றிடத்துக்காகச் செய்தது. வாய்ப் பரப்பு, குறுகலான தொண்டைப் பரப்பைப் போல 100 மடங்கு. வெளியேறும் இடத்தில் அழுத்தம் சுமார் 50 மில்லிபார்தான் இருக்கும். வெளிக்காற்றின் அழுத்தமோ 1,013. தரையில் ஓடவிட்டால் ஓட்டம் நாசில் சுவரை விட்டுப் பிரிந்து, ஒரு பக்கமாக இழுத்து, நாசிலையே ஆட்டிவிடும். அதனால் வெற்றிட அறைக்குள் வைத்துச் சோதிப்பார்கள், அது செலவும் சிரமமும் பிடித்த வேலை. 2024 நவம்பரில் நாசிலுக்குப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றைப் பூட்டி, மகேந்திரகிரியிலேயே கடல்மட்ட அழுத்தத்தில் அதை ஓட்டிக் காட்டினார்கள். உந்துவியல் பாடத்தில் ‘மிகை விரிவு நாசில்’ என்று இரண்டு வரியில் போகிற விஷயம் இதுதான். பாடத்தை ஊரோடு பொருத்திப் படித்தால் மறக்காது.

இயந்திரப் பகுதிக்கு இவ்வளவு என்றால், கட்டமைப்புப் பாடத்துக்கு ஐம்பது ரூபாய்க்குள் ஒரு சோதனை சொல்கிறேன். 30 செ.மீ. இரும்பு ஸ்கேல் ஒன்று எடுங்கள். 5 செ.மீ. மேசையில் இருக்க, 25 செ.மீ. வெளியே நீட்டி, மேசையோடு சி‑கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் 50 கிராம் எடைக்கல்லை இரவல் கேட்டு, நூலில் கட்டி நுனியில் தொங்கவிடுங்கள். எவ்வளவு வளைகிறது?

அளப்பதற்கு முன்னால் கணக்கு. சுமை 0.49 நியூட்டன், நீளம் 250 மி.மீ., எஃகின் யங் குணகம் (விறைப்பின் அளவு) 2,00,000 மெகாபாஸ்கல், அகலம் 25 மி.மீ. தடிமன் 1 மி.மீ. என்று வைத்தால் வளைவு 6.1 மி.மீ. தடிமன் 0.9 என்றால் 8.4 மி.மீ. பார்த்தீர்களா? பத்தில் ஒரு பங்கு தடிமன் குறைந்ததற்கு வளைவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது, ஏனென்றால் கணக்கில் தடிமனின் மும்மடி வருகிறது. ஒர்க்‌ஷாப் வெர்னியரில் மீச்சிறு அளவு 0.02 மி.மீ. அந்த ஒரு கோடு தப்பினாலே விடை ஆறேழு சதவீதம் தப்பும். ஆகவே தடிமனுக்கு மைக்ரோமீட்டர் வேண்டும், நான்கைந்து இடத்தில் அளந்து சராசரி எடுக்கவேண்டும். ஸ்கேல் தன் எடையாலேயே கொஞ்சம் தொங்கும். எடை போடுவதற்கு முன்னும் பின்னும் அளந்து வித்தியாசத்தை மட்டும் எடுங்கள். கிளாம்புக்குப் பதில் இரண்டு செங்கல்லை ஏற்றி வைத்தால் பிடிமானம் லேசாகத் திரும்பி, அளவு எப்போதும் கணக்கைவிடக் கூடுதலாகவே வரும். நிஜ விமான இறக்கைச் சோதனையிலும் சண்டை இதே இடத்தில்தான் வரும்: இறக்கை மெலிவா, அல்லது பிடித்திருக்கிற சட்டகம் இளகுகிறதா என்று.

இதே ஸ்கேலை மென்பொருளில் வரைந்து பாருங்கள். பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்து வளைவும் அதிர்வும் கணக்கிடும் எஃப்இஏ மென்பொருளில் நம் பிள்ளைகள் விழும் முதல் குழி அலகு. மி.மீ., நியூட்டன், மெகாபாஸ்கல் என்று வேலை செய்தால் நிறை டன்னில் வரவேண்டும். ஸ்கேல் அலுமினியம் என்றால் அதன் அடர்த்தி அங்கே 2,700 அல்ல, கனமில்லிமீட்டருக்கு 2.7 பெருக்கல் பத்தின் மைனஸ் ஒன்பதாம் அடுக்கு டன். 2,700 என்று போட்டால் வளைவு சரியாகவே வரும், ஏனென்றால் அதில் அடர்த்திக்கு வேலையில்லை. அதிர்வெண் மட்டும் பத்து லட்சம் மடங்கு குறைந்து வரும். வண்ணப்படம் மட்டும் பிரமாதமாக இருக்கும். ரிப்போர்ட்டில் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

காற்றோட்டத்தைக் கணினியில் கணிக்கும் சிஎஃப்டி பக்கமும் இதே கதை. ஒரு மீட்டர் நீள இறக்கைக் குறுக்குவெட்டைச் சுற்றி நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் காற்று போகிறது என்றால், சுவரையொட்டிய ஓட்டத்தைச் சரியாகப் பிடிக்க கணக்குக்காகக் காற்றுவெளியைப் பிரிக்கும் வலையில் முதல் கண்ணின் உயரம் சுமார் 0.02 மி.மீ. இருக்கவேண்டும். தலைமுடியின் தடிமனில் கால்பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கணக்கிடாமல் மென்பொருள் தானாகப் போட்ட வலையில் ஓட்டினால், தூக்குவிசை ஏறக்குறைய சரியாக வரும், இழுவிசை கோணலாகப் போகும். வெளி எல்லையை இறக்கை நீளத்தைப் போல இருபது மடங்காவது தள்ளி வையுங்கள். நாகா 0012 வெட்டில் தொடங்குங்கள், உலகமே அளந்து வைத்திருக்கிற வெட்டு அது. 5 டிகிரி கோணத்தில் தூக்குக் குணகம் 0.55 பக்கம் வரவேண்டும். வராவிட்டால் புதிதாக எதையும் செய்யாதீர்கள், இதைச் சரிசெய்யுங்கள். இதற்கான மென்பொருள்களான ஓப்பன்ஃபோமும் எக்ஸ்ஃபாயிலும் காசில்லாமல் கிடைக்கின்றன. முப்பதாயிரம் கட்டி வாங்கும் சான்றிதழைவிட, இந்த ஒரு ஒப்பீட்டை வலையை மூன்று தடவை நெருக்கிச் செய்துகாட்டிய நான்கு பக்கம் மேல்.

பணகுடியிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய்வரை நிற்கிற காத்தாடிகளும் நமக்குப் பாடப்புத்தகம்தான். நாற்கர சாலையில் ஓரமாக நின்று சுற்றை எண்ணுங்கள். 15 மீட்டர் இறகுள்ள பழைய காத்தாடி நிமிடத்துக்கு 40 சுற்று போட்டால் நுனியின் வேகம் நொடிக்கு 63 மீட்டர். 50 மீட்டர் இறகுள்ள புதியது 14 சுற்றுதான் போடும், சோம்பேறி மாதிரித் தெரியும். அதன் நுனி 73 மீட்டரில், அதாவது மணிக்கு 260 கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது. எதிர்க்காற்று நொடிக்கு 10 மீட்டர் என்றால், நுனிக்குக் காற்று வந்து சேரும் கோணம் எட்டு டிகிரிகூட இல்லை. அடியிலிருந்து கால்வாசி தூரத்தில் அது கிட்டத்தட்ட 29 டிகிரி. இறகு ஏன் முறுக்கியிருக்கிறது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். இறகின் கூட்டுப்பொருள் அடுக்குகள், களைப்பு விரிசல், அதிர்வு எல்லாம் விமான இறக்கையின் அதே பாடங்கள். இந்தத் துறையை இரண்டாந்தரமாகப் பார்க்கிற ஏரோ மாணவர்களின் மூக்கு கொஞ்சம் அதிகமாகவே நீளம்.

மாதிரி விமானம் செய்து பறக்கவிடுங்கள், ஆனால் கணக்கோடு. ஒரு கிலோ எடை, 1.2 மீட்டர் இறக்கை, 20 செ.மீ. அகலம் என்றால் நம்மூர் 40 டிகிரி வெயிலில் அது விழாமல் நிற்கக் குறைந்தது நொடிக்கு 8 மீட்டர் வேகம் வேண்டும். ஆடியில் கணவாய்க் காற்று அதைத் தாண்டி வீசும். அம்மி பறக்கிறதோ இல்லையோ, உங்கள் தெர்மோகோல் விமானம் முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு பின்னால் போகும். மாசி, பங்குனியில் விடிகாலை ஆறு மணிக்குப் பறக்கவிடுங்கள். எடைமையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 5, 6 செ.மீ.க்குள் இருக்கவேண்டும். பின்னால் போய்விட்டால் எறிந்ததும் மூக்கைத் தூக்கி, நின்று, அப்படியே விழும். எல்லாரும் மோட்டாரைக் குறை சொல்வார்கள். பேட்டரியை இரண்டு செ.மீ. முன்னால் தள்ளினால் முடிந்த கதை. லித்தியம் பேட்டரியை பைக் பெட்டிக்குள் வெயிலில் வைக்காதீர்கள், உப்பிவிடும். பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்திருங்கள். எந்த மைதானமானாலும் முதலில் டிஜிட்டல் ஸ்கை என்கிற அரசின் ட்ரோன் வரைபடத்தில் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பாருங்கள். கூடங்குளம், மகேந்திரகிரி, விஜயநாராயணம் கடற்படைத் தளம் என்று நம் பக்கம் காவலுள்ள இடங்கள் நிறைய.

வேலைக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகள் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி. பெங்களூரில் விமானம் கட்டும் எச்ஏஎல், விமான ஆராய்ச்சிக்கான என்ஏஎல், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஆய்வகங்கள், ஏர்பஸ், போயிங், அவற்றுக்கு வேலை செய்துகொடுக்கும் சேவை நிறுவனங்கள். அங்கெல்லாம் தொடக்க வேலை பெரும்பாலும் தகைவுக் கணக்கு, வரைபடம் சரிபார்த்தல், உற்பத்தித் தரம். ஆகவே வரைபடத்தில் வடிவப் பொறுதிக் குறிகளை (எவ்வளவு விலகல் இருக்கலாம் என்று காட்டுபவை) வாசிக்கத் தெரியவேண்டும். அதில் தடுமாறுகிற பையன் எவ்வளவு ராக்கெட் பேசினாலும் எடுபடாது. குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து இலங்கையைச் சுற்றி வளைக்காமல் நேராகத் தெற்கே ஏவலாம் என்பதால் 500 கிலோ தூக்கும் எஸ்எஸ்எல்வி போன்ற சின்ன ராக்கெட்டுகளுக்கு அது தோதான இடம். அங்கு வரப்போகும் வேலையில் கட்டுமானம், குழாய், மின்சாரம், கருவியியல் எல்லாம் உண்டு. ஏரோ அதில் ஒரு பங்குதான்.

மேற்படிப்புக்கு கேட் தேர்வில் ஏரோஸ்பேஸ் தாள் தனியாக உண்டு, மெக்கானிக்கல் படித்தவரும் எழுதலாம். எம்டெக்குக்கு இடம் கிடைத்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. வீட்டை அடகுவைத்து அமெரிக்கா போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: அங்கே ராக்கெட், பாதுகாப்பு நிறுவனங்களில், ஆயுதத் தொழில்நுட்பம் வெளிநாட்டார் கைக்குப் போகாமல் தடுக்கும் ஐடார் சட்டத்தால் குடிமக்களுக்கும் கிரீன்கார்டு உள்ளவர்களுக்கும்தான் பெரும்பாலும் வேலை. எம்எஸ் முடித்துவிட்டு கார் கம்பெனிக்கும் மென்பொருளுக்கும் திரும்புகிறவர்கள் அதிகம். அது தெரிந்து போனால் பரவாயில்லை, கடன் வாங்கிய பிறகு தெரிந்தால்தான் சங்கடம்.

மூன்றாம் வருட விடுமுறையில் இஸ்ரோ மையம் ஒன்றில் பயிற்சி வேண்டுமென்றால் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்கவேண்டும், சம்பளம் கிடையாது. மே மாதத்துக்குத் தீபாவளி கழிந்ததுமே கடிதத்தைத் தயார் செய்யுங்கள். “எந்த வேலை கொடுத்தாலும் ஆர்வமாகச் செய்வேன்” என்று எழுதாதீர்கள், அது எல்லாக் கடிதத்திலும் இருக்கும். ‘10 மீட்டர் எஃகுக் குழாயை 30 டிகிரியிலிருந்து மைனஸ் 183க்குக் குளிர்விக்க எவ்வளவு திரவ நைட்ரஜன் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறேன், இணைத்துள்ளேன்’ என்று ஒரு பக்கம் வையுங்கள். எஃகின் வெப்ப ஏற்புத்திறன் குளிரக் குளிரக் குறையும். அதை மாறாததாக வைத்துப் போட்டால் விடை கூடுதலாக வரும். அதையும் அந்தப் பக்கத்திலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.